அடா லவ்லேஸ்: முதல் வகுப்பில் நான் சொல்லாமல் விட்ட கதை



சங்க மலருக்கு ஒரு கட்டுரை தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, நமது கணிப்பொறித் துறை வளர்ந்த வரலாற்றை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் முதல் பேட்ச், முதல் லேப், செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் போன காலம் எல்லாம் முந்தைய மலர்களிலேயே வந்துவிட்டன. ஆகவே ஒரு பெண்மணியின் வாழ்க்கை வரலாற்றை எழுதுகிறேன். இதை ஒரு வாத்தியாரின் திருத்தம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கல்லூரியில் படித்து, இங்கேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் முதலாண்டு மாணவர்களுக்குப் புரோகிராமிங் சொல்லிக் கொடுத்தவன் நான். என் வகுப்பில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். அர்ரே, லூப் இரண்டும் ஒரே வாரத்தில் வரும். வகுப்பில் 60 பேர் என்றால், 60 மதிப்பெண்ணுக்கு 60 மாறிகள் வைத்து, 60 தடவை கூட்டல் வரி எழுதி நோட்டை நிரப்பும் மகானுபாவர்கள் ஒவ்வொரு வருஷமும் நாலு பேர் இருப்பார்கள். அவர்களிடம் நான் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைத் தூக்கிக் காட்டுவேன். அர்ரே என்பது இந்த ரிஜிஸ்டர். பெயர் ஒன்றுதான், உள்ளே வரிசை எண் போட்ட கட்டங்கள். லூப் என்பது ரோல் கால். வாத்தியார் செய்கிற வேலை ஒன்றுதான், எண் மட்டும் நகரும். ஒன்றிலே ஆரம்பித்து அறுபதிலே நிற்க வேண்டும். ஐம்பத்தொன்பதில் நிறுத்தினால் கடைசிப் பையனுக்கு ஆப்சென்ட். அறுபத்தொன்று வரை போனால் இல்லாத ஆளைக் கூப்பிடுவதாகிவிடும்.

இதைச் சொல்வதற்கு முன் பத்து நிமிஷம் அடா லவ்லேஸ் கதை சொல்வேன். பெயரைக் கேட்டதுமே பின் பெஞ்சில் அடா, அடா என்று ஒரு சிரிப்பு கிளம்பும். கவிஞர் பைரனின் மகள், உலகின் முதல் புரோகிராமர், லூப்பை முதலில் எழுதியவர், பிறவி மேதை என்று அடுக்கிவிட்டு சாக்பீஸைக் கையில் எடுப்பேன்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த அம்மையார் எழுதியதை வரிவரியாக உட்கார்ந்து படிக்க நேரம் கிடைத்தது. படிக்கப் படிக்க, நான் சொன்னதில் பாதி அவசரக் கதை என்று தெரிந்தது. அதனால் ஒருவருக்கு நஷ்டமும் ஏற்பட்டிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். என்னிடம் அந்தக் கதையைக் கேட்டவர்கள் இன்று நாலா திசையிலும் இருக்கிறார்கள். எல்லோர் கைக்கும் போய்ச் சேருவது இந்த மலர் ஒன்றுதான்.

தந்தை முகம் அறியாத பிள்ளை

அகஸ்டா அடா 1815-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தை லார்டு பைரன், அன்றைய இங்கிலாந்தே பேசிக்கொண்டிருந்த கவிஞர். தாய் அன்னபெல்லா, கணிதத்தில் நாட்டம் உள்ளவர். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. குழந்தைக்கு ஐந்து வாரம் ஆனபோது, 1816 ஜனவரியில், தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். அந்த ஏப்ரலில் பைரன் நாட்டை விட்டே கிளம்பினார். திரும்பி வரவில்லை. 1824-இல் கிரேக்கத்தில் அவர் இறந்தபோது அடாவுக்கு எட்டு வயது. தந்தையின் முகம் அவருக்கு நினைவில் இருந்திருக்க வழியில்லை.

தந்தையின் குணம் மகளுக்கு வந்துவிடக் கூடாது என்ற பயம் தாய்க்கு இருந்தது. கற்பனை, கவிதை என்று மனம் அலையாமல் இருக்கக் கணக்கும் தர்க்கமுமே மருந்து என்று முடிவு செய்தார். வீட்டுக்கே ஆசிரியர்கள் வந்தார்கள். அந்தக் காலத்தில் கேம்பிரிட்ஜின் கதவு பெண்களுக்குத் திறக்காது. எவ்வளவு பெரிய இடத்துப் பெண்ணானாலும் படிப்பு வீட்டோடுதான்.

உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 1829-இல் அம்மை நோய் வந்து கால்கள் செயலிழந்தன. படுக்கையோடு படுக்கையாகக் கிடந்து, பிறகு ஊன்றுகோல் பிடித்து நடந்து, நிமிர இரண்டு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்கு முன், பன்னிரண்டு வயதில், பறவையின் உடலையும் சிறகையும் ஆராய்ந்து பறக்கும் இயந்திரம் செய்ய வேண்டும் என்று திட்டம் போட்ட பிள்ளை அது. தாய் எவ்வளவு கணக்குப் புகட்டினாலும் கற்பனை எங்கேயும் போய்விடவில்லை.

பாபேஜ் வீட்டு இயந்திரம்

1833 ஜூன் 5-ஆம் நாள் ஒரு விருந்தில் பதினேழு வயது அடா சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். பாபேஜுக்கு வயது நாற்பத்தொன்று. கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியர். சில நாட்களிலேயே தாயும் மகளும் அவர் வீட்டுக்குப் போய், அவர் செய்துகொண்டிருந்த வித்தியாசப் பொறியின் ஒரு பகுதியைப் பார்த்தார்கள். கணித அட்டவணைகளைப் பிழையில்லாமல் தயாரிக்க, கூட்டலை மட்டுமே திரும்பத் திரும்பச் செய்யும் பித்தளைச் சக்கர இயந்திரம் அது. வந்தவர்கள் பலர் அதை வேடிக்கைப் பொருளாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடா எப்படி ஓடுகிறது என்று விசாரித்தார். வரைபடங்களைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

1835 ஜூலையில் அவருக்கு வில்லியம் கிங் என்ற பிரபுவோடு திருமணம் ஆயிற்று. 1838-இல் கணவர் லவ்லேஸ் கோமகன் ஆனதால் அடாவும் லவ்லேஸ் சீமாட்டி ஆனார். 1836, 1837, 1839 என்று அடுத்தடுத்து மூன்று குழந்தைகள். நடுவில் உடல்நலக் குறைவு. படிப்பு நின்றுபோன மாதிரிதான் இருந்தது.

1840-இல், இருபத்தைந்தாவது வயதை நெருங்கும்போது, மூன்று பிள்ளைகளின் தாய் மறுபடியும் பாடப் புத்தகத்தை எடுத்தார். இந்த முறை ஆசிரியர் அகஸ்டஸ் டி மார்கன். டி மார்கன் விதிகள் என்று டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் தேர்வில் நீங்கள் எழுதித் தள்ளினீர்களே, அதே மனிதர்தான். அவர் 1806-இல் பிறந்த ஊர் எது தெரியுமா? நம்ம மதுரை! தந்தை கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. கைக்குழந்தையாக இருக்கும்போதே அவரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றாலும், நமக்கு ஒரு சின்னப் பெருமை இருக்கட்டும்.

பாடம் கடிதம் மூலம் நடந்தது. அந்தக் கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. பிறவி மேதை என்று நான் வருஷாவருஷம் சொன்ன அதே அடா, ஒரு சமன்பாட்டில் ஒரு குறியீட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றைப் போடுவதில் தடுமாறியிருக்கிறார். ஒரு படி எப்படி வந்தது என்று விளங்காமல் ஆசிரியருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். சார்புச் சமன்பாடுகள் பிடிபடாமல் நழுவுகின்றன என்று நொந்துகொண்டிருக்கிறார். நம் மாணவர்கள் அர்ரேயில் ஐ என்ற இடத்தில் 1 போட்டால் முதல் கட்டம், 2 போட்டால் இரண்டாம் கட்டம் என்று சொல்லும்போது திருதிருவென்று விழிப்பார்களே, ஏறக்குறைய அதே இடம்தான். அவர் விடவில்லை. கேள்வி கேட்க வெட்கப்படவும் இல்லை.

தறியும் அட்டையும்

இதற்கிடையில் பாபேஜ் தம் பழைய இயந்திரத்தை முடிக்காமலே வேறொன்றுக்குத் தாவிவிட்டார். அரசாங்கம் சுமார் 17,000 பவுன் செலவழித்துவிட்டு 1842-இல் கையை விரித்துவிட்டது. புதிய இயந்திரத்துக்குப் பெயர் பகுப்புப் பொறி. இதில் எண்களைப் போட்டு வைக்க ஒரு சேமிப்பகம், கணக்குப் போட ஓர் ஆலை என்று இரண்டு பாகங்கள். இன்றைய மெமரியும் பிராசஸரும் போல என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். சேமிப்பகத்தில் பல்சக்கரங்கள் அடுக்கிய தூண்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தூணிலும் ஓர் எண். தூண்களுக்குத் தனித்தனிப் பெயர் கிடையாது. வி1, வி2, வி3 என்று ஒரே எழுத்தும் ஓர் எண்ணும்தான். ரிஜிஸ்டர் கட்டங்கள் மாதிரி.

என்ன கணக்கு, எந்தத் தூணில் என்பதை இயந்திரத்துக்குச் சொல்வது துளையிட்ட அட்டைகள். இந்த யோசனை 1800-களின் தொடக்கத்தில் பிரான்சில் ஜக்கார்டு செய்த பட்டுத்தறியிலிருந்து வந்தது. தறியில் அட்டையின் துளைதான் எந்த இழை மேலே எழ வேண்டும் என்று தீர்மானிக்கும்.

இங்கே இன்னொரு திருத்தம். தறியில் அட்டை ஒரு தடவை ஓடி முடிந்துவிடும், பாபேஜ் இயந்திரத்தில்தான் திரும்ப வரும் என்று நான் வகுப்பில் சொல்வது வழக்கம். ஒரு வருஷம், காஞ்சிபுரம் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, சார், எங்க வீட்டுத் தறியில அட்டையெல்லாம் மாலை மாதிரி கோத்து வட்டமா தொங்கும், கடைசி அட்டை முடிஞ்சா முதல் அட்டை தானா வந்துடும், பார்டர் முழுக்க அப்படித்தான் வருது என்றான். நான் அப்போது ஏதோ சொல்லி உட்கார வைத்துவிட்டேன். ஆனால் அவன் சொன்னதுதான் சரி. கோத்த மாலை முழுதும் திரும்பத் திரும்பச் சுற்றும். தறியிலேயே ஒரு வகை லூப் இருக்கிறது.

அப்படியானால் பாபேஜ் இயந்திரத்தில் என்ன புதுமை? மாலை முழுதையும் சுற்றாமல், நடுவில் உள்ள சில அட்டைகளை மட்டும் பின்னுக்குத் தள்ளி, அதே அட்டைகளை வேண்டிய தடவை மறுபடி ஓட்டிவிட்டு, எண்ணிக்கை முடிந்ததும் மேலே போகலாம். அடா தம் குறிப்புகளில் இதைத்தான் விளக்குகிறார். தறியைக் காட்டிலும் இங்கே அட்டை எவ்வளவு மிச்சமாகிறது என்று கணக்கே போட்டுக் காட்டுகிறார். ஜக்கார்டின் உருவத்தைப் பட்டில் நெய்ய 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. ஆனால் நிறைய மாறிகள் கொண்ட ஒரு சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க 330 செயல்கள் தேவைப்படும் இடத்தில், மூன்றே செயல் அட்டைகளைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் போதும் என்கிறார். 60 வரி எழுதி நோட்டை நிரப்பிய நம் நண்பர்கள் கவனிக்க!

ஒரு மொழிபெயர்ப்பும் ஏழு குறிப்புகளும்

1840-இல் பாபேஜ் இத்தாலியில் டூரின் நகருக்குப் போய்த் தம் இயந்திரத்தைப் பற்றிப் பேசினார். கேட்டவர்களில் ஒருவரான மெனாப்ரியா என்ற பொறியாளர் அதை 1842-இல் பிரெஞ்சு மொழியில் கட்டுரையாக வெளியிட்டார். பின்னாளில் இவர் இத்தாலியின் பிரதமர் ஆனவர். விஞ்ஞானி வீட்ஸ்டோன் தூண்டுதலால் அடா அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். விஷயம் தெரிந்ததும் பாபேஜ், இவ்வளவு தெரிந்தவர் சொந்தமாகவே எழுதலாமே என்று கேட்டார். சரி, குறிப்புகளாவது சேருங்கள் என்று யோசனையும் சொன்னார்.

ஏ முதல் ஜி வரை ஏழு குறிப்புகள் வளர்ந்தன. மூலக் கட்டுரையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு! 1843-ஆம் ஆண்டுக் கோடை முழுதும் இருவருக்கும் இடையே கடிதங்கள் பறந்தன. அடா பென்சிலில் அட்டவணை எழுத, கணவர் பக்கத்தில் உட்கார்ந்து அதன்மேல் மை போட்டுக் கொடுத்தார். பாபேஜ் தாள்களைத் தொலைத்தபோது அடா கோபப்பட்டார். அரசாங்கத்தைத் திட்டிப் பெயர் போடாமல் ஒரு முன்னுரை சேர்க்க பாபேஜ் விரும்பியபோது, முடியாது என்று உறுதியாக மறுத்தார். கடைசியில் குறிப்புகள் ஏ.ஏ.எல். என்ற மூன்றெழுத்துக் கையொப்பத்தோடு வெளிவந்தன.

கடைசிக் குறிப்பில்தான் அந்தப் புகழ்பெற்ற அட்டவணை இருக்கிறது. பெர்னூலி எண்கள் என்று ஒரு வரிசை உண்டு. அதில் ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க அதற்கு முன் வந்த எல்லா எண்களும் வேண்டும். அவை ஒவ்வொன்றையும் எடுத்து, அதற்குரிய பெருக்கெண்ணால் பெருக்கி, மொத்தத்தோடு கூட்டிக்கொண்டே வர வேண்டும். வரிசையாக எடு, பெருக்கு, கூட்டு. முதலாண்டில் நீங்கள் எழுதிய முதல் லூப் புரோகிராமும் இதே சாதிதான்.

பொறுமையாக என்னோடு வாருங்கள். அட்டவணையில் 25 செயல்கள். நான்காவது எண்ணைக் கண்டுபிடிப்பதாக வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். முன்னமே கண்டுபிடித்த மூன்று எண்களும் வி21, வி22, வி23 ஆகிய தூண்களில் வரிசையாக இருக்கின்றன. விடை வி24-இல் வரப்போகிறது. எத்தனை பாக்கி என்று எண்ணுவதற்கு வி10 என்ற தூண். ஏழாவது செயலில் அதில் 3 ஏறுகிறது. முதல் எண்ணைப் பெருக்கிக் கூட்டியதும், பன்னிரண்டாவது செயலில் அது 2 ஆகிறது. பிறகு 13 முதல் 23 வரை உள்ள பதினோரு செயல்கள் இரண்டாவது எண்ணைக் கவனிக்கின்றன. முடிவில் வி10-இல் 1. இந்த இடத்தில் அடா, 13 முதல் 23 வரை மறுபடியும் செய்க என்று எழுதிவிடுகிறார். வி10-இல் 0. எண்ணிக்கை தீர்ந்தது. 24-ஆவது செயல் விடையை வி24-இல் வைக்கிறது. 25-ஆவது செயல் வரிசை எண்ணோடு ஒன்றைக் கூட்டுகிறது, அடுத்த பெர்னூலி எண்ணுக்குத் தயாராக. பிறகு முழு வேலையையும் மறுபடி ஆரம்பிக்கலாம். லூப்புக்குள் லூப்!

இதில் நான் மிகவும் ரசித்த இடம் 21-ஆவது செயல். முதல் சுற்றில் அது வி22-இல் உள்ள எண்ணை எடுக்கிறது. அடுத்த சுற்றில் வி23-இல் உள்ளதை எடுக்க வேண்டும். பெருக்கல் அதே பெருக்கல்தான், ஆனால் தூண் மாற வேண்டும். செயலைச் சொல்லும் அட்டைகள் ஒரு கட்டு, தூணைச் சொல்லும் அட்டைகள் இன்னொரு கட்டு என்று இயந்திரத்தில் பிரித்து வைத்திருந்ததால் இது முடிந்தது. ஒவ்வொரு சுற்றிலும் இந்தச் செயலுக்குப் புதிய தூண் வேண்டும் என்று அடா மறக்காமல் குறித்து வைத்திருக்கிறார். வேலை நிற்கும், எண் நகரும் என்று நான் ரோல் கால் எடுத்துக் காட்டியது இதைத்தான். ஐ என்ற ஓர் எழுத்தில் இன்று நாம் அடக்கிவிடுவதை அவர் அட்டையும் தூணுமாக யோசித்திருக்கிறார். அந்த இயந்திரமோ கட்டி முடிக்கப்படவே இல்லை. ஓட்டிப் பார்க்க வழியில்லாமல் தாளிலேயே ஓட்டிப் பார்த்த புரோகிராம் இது.

அதில் ஒரு பிழையும் உண்டு. நான்காவது செயலில் எதை எதால் வகுப்பது என்பது தலைகீழாக அச்சாகியிருக்கிறது. வி4-ஐ வி5-ஆல் வகுக்க வேண்டிய இடத்தில் வி5-ஐ வி4-ஆல் வகுக்கச் சொல்கிறது. பக்கத்தில் எழுதிய விடை மட்டும் சரி. எழுதியவர் தவறா, அச்சுக் கோத்தவர் தவறா, யார் கண்டது! லேப் தேர்வில் ஒரு குறி மாற்றிப் போட்டதற்காக நான் மார்க் குறைத்த அத்தனை பேரிடமும் இந்தச் செய்தியைச் சேர்ப்பித்துவிடுகிறேன்.

யார் முதல்?

அடாதான் முதல் புரோகிராமர், பாபேஜ் வெறும் இயந்திரம் செய்தவர் என்று நான் சொன்னதும் சரியில்லை. 1836-க்கும் 1840-க்கும் இடையில் பாபேஜே தம் இயந்திரத்துக்கான செயல் வரிசைகள் பலவற்றை எழுதி வைத்திருக்கிறார். அவற்றை வெளியிடவில்லை, அவ்வளவுதான். பெர்னூலி எண்களை எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனை அடாவுடையது. அதற்கான இயற்கணிதத்தைத் தாமே போட்டுக் கொடுத்ததாகவும், அதில் தாம் செய்த ஒரு பெரிய தவறை அடா கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியதாகவும் பாபேஜ் 1864-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில் சொல்கிறார். ஆக, இது இருவர் சேர்ந்து செய்த வேலை. ஒருவர் கணக்கை இன்னொருவர் சரிபார்த்திருக்கிறார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அடா பாபேஜையும் தாண்டிப் போனார். இயந்திரம் கையாள்வது எண்ணாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, விதிகளுக்குள் அடங்குவது எதுவானாலும் சரி, இசையைக்கூட அது அமைக்கலாம் என்று எழுதினார். கூடவே, இயந்திரம் தானாக எதையும் தோற்றுவிக்காது, நாம் சொல்லத் தெரிந்ததைத்தான் செய்யும் என்றும் எச்சரித்தார். நூறாண்டு கழித்து, 1950-இல், இயந்திரம் சிந்திக்குமா என்று ஆலன் டூரிங் கட்டுரை எழுதியபோது, அடாவின் இந்தக் கருத்தை எடுத்து வைத்துத்தான் வாதாடினார். கேட்டதும் புரோகிராமை இயந்திரமே எழுதிக் கொடுக்கிற இந்த நாளிலும் அந்த வழக்கு முடிந்தபாடில்லை.

முடிவு

குறிப்புகளுக்குப் பிறகு அவர் வாழ்ந்தது ஒன்பது ஆண்டுகள். அதை வகுப்பில் நான் சொன்னதே இல்லை. கணிதத்தில் அதற்கு இணையாக வேறு எதையும் அவர் வெளியிடவில்லை. குதிரைப் பந்தயத்தில் பணத்தை விட்டார். கடன் ஏறியது. குடும்ப வைரங்கள் அடகுக்குப் போயின. பிறகு கருப்பைப் புற்றுநோய் வந்தது. வலி தாங்காமல் அபினிக் கலவை மருந்திலேயே நாட்கள் கழிந்தன. 1852 ஆகஸ்டில் நாவலாசிரியர் டிக்கன்ஸ் வந்து படுக்கை அருகே அமர்ந்து தம் நாவலிலிருந்து ஒரு பகுதியைப் படித்துக் காட்டினார். 1852 நவம்பர் 27-ஆம் நாள் அடா காலமானார். வயது 36. தந்தை பைரன் இறந்ததும் அதே வயதில்தான். உயிரோடு இருந்தவரை அறியாத தந்தையின் பக்கத்திலேயே, நாட்டிங்ஹாம்ஷயரில் ஹக்னால் என்ற ஊரின் தேவாலயத்தில், அவர் விருப்பப்படி அடக்கம் செய்தார்கள்.

நூறாண்டு காலம் பெரும்பாலும் யாரும் அவரைத் தேடவில்லை. 1953-இல் பௌடன் என்பவர் கணிப்பொறி பற்றிய ஒரு நூலில் அந்தக் குறிப்புகளை மறுபடி அச்சிட்ட பிறகுதான் கணிப்பொறி உலகம் அவரைக் கண்டுகொண்டது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை உருவாக்கிய கணிப்பொறி மொழிக்கு அடா என்றே பெயர். 1980-இல் அவர் பிறந்த நாளன்று ஏற்கப்பட்ட அதன் தர விதிக்கு எண் 1815, அவர் பிறந்த ஆண்டு.

இனி, தொடக்கத்தில் சொன்ன நஷ்டம். பல ஆண்டுகளுக்கு முன் தமிழ் மீடியத்தில் படித்து வந்த ஒரு மாணவி. பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க். லூப் வாரத்தில் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, சார், ஒண்ணுமே புரியல, ஐ-ன்னா ஒரு எண்ணா, எல்லா எண்ணுமா என்று கேட்டது. பாடத்தைக் கொஞ்சம் திருப்பிச் சொல்லிவிட்டு, தைரியம் கொடுப்பதாக நினைத்து, அந்தக் காலத்திலேயே ஒரு பெண் இதையெல்லாம் சுலபமாகச் செய்தார் என்று அடா கதையைச் சொன்னேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றது. அவங்க பிரபு வீட்டுப் பொண்ணு, பிறவியிலேயே மேதை, எனக்கு வராது சார் என்று சொல்லிவிட்டுப் போயிற்று. அடுத்த வாரம் வேறு பிரிவுக்கு மாற்றல் கடிதம் கொடுத்துவிட்டது. நான் தடுக்கவில்லை. வராதவர்களுக்கு வராதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐ என்பது ஓர் எண்ணா, எல்லா எண்ணுமா என்பது அருமையான கேள்வி. இருபத்தைந்து வயதில், மூன்று பிள்ளை பெற்ற பிறகு, அடா டி மார்கனுக்கு எழுதிக் கேட்டதும் அதே போன்ற கேள்விகளைத்தான். அவருக்குப் பதில் எழுத ஒரு ஆசிரியர் கிடைத்தார். அன்றைக்கு அந்தக் கடிதங்களை நான் படித்திருந்தால், சுலபமாகச் செய்தார் என்று சொல்லியிருக்க மாட்டேன். அடாவுக்கும் இங்கேதாம்மா இடறிச்சு, உட்காரு, வி10-இல் 3 என்று எழுது, ஒவ்வொரு வரியாகக் கையாலேயே ஓட்டிப் பார்ப்போம் என்று சொல்லியிருப்பேன்.

அந்த மாணவி இந்த மலரைப் படிக்க நேர்ந்தால், ஒரு வார்த்தை. அம்மா, தப்பு என்னுடையது. ரீயூனியனுக்கு வந்தால் அவசியம் என்னைப் பார். இப்போது எங்கே, என்ன செய்துகொண்டிருந்தாலும் சரி, விட்ட பாடத்தை முடித்துவிடுவோம்.

இந்நாள் மாணவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மாலைகளில் நான் லேபில்தான் இருக்கிறேன். துறைத்தலைவர் அனுமதி கொடுத்திருக்கிறார். அடாவின் அட்டவணையைப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன், நான்காவது வரியின் பிழையோடு சேர்த்தே. லூப் புரியவில்லை என்பவர்கள் பென்சிலும் பேப்பரும் எடுத்துக்கொண்டு வாருங்கள். கம்ப்யூட்டர் அன்றைக்குத் தேவையில்லை.